வேலைக்குப் போய்க்கொண்டே படம் வரைகிறவர்கள், வருட இலக்கு எழுதுவதற்கு முன்னால்

ஓவியத்துக்கென்று வருட இலக்கு எழுதிவைத்துக்கொண்டு இறங்கிய முதல் வருடத்தில் எனக்குச் செலவானது ரூ. 77,500. பணம் போனதுகூடப் பரவாயில்லை, வருடக் கடைசியில் தூரிகையைத் தொடவே பிடிக்காமல் போய்விட்டது. சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த பெரிய ஆறுதலே படம் வரைவதுதான். அதுவும் கைவிட்டுப் போய்விட்டதோ என்று பயந்து, ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். இதைப் போய் யாரிடம் சொல்வது? "யாரும்மா உன்ன வரையச் சொன்னா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அழுகை வந்துவிடும் என்று வீட்டில் வாயே திறக்கவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, "இந்த வருஷமாவது ஒழுங்கா வரையணும்" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருந்தும், பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் பி.காம்தான் சேர்த்தார்கள். கல்யாணம், குழந்தை, வேலை என்று வருடங்கள் ஓடிவிட்டன. பையன் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகுதான் மறுபடி வாட்டர்கலரைக் கையில் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாமகக் குளத்தங்கரையிலோ பகவத் படித்துறையிலோ உட்கார்ந்து ஒரு படம் போடுவேன். வாரநாளில் முடிந்தால் வீட்டிலேயே சின்னதாக ஏதாவது. சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதைப் பொழுதுபோக்காகவே விட்டுவிடக் கூடாது, முறையாக வளர்த்தெடுக்க வேண்டும் என்று ஒரு டிசம்பர் கடைசியில் தோன்றியது. நோட்டில் நான்கு வரி எழுதினேன். தினமும் ஒரு படம். வருடம் முடிவதற்குள் சென்னையில் ஒரு கண்காட்சி. இன்ஸ்டாகிராமில் 10,000 பேர். படம் விற்று மாதாமாதம் கொஞ்சமாவது வருமானம்.

எந்த வீடியோவைப் பார்த்தாலும் இந்த நான்கைத்தான் சொல்கிறார்கள். தினம் ஒரு படம் என்பது எங்கிருந்து பரவியது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் தன் மைக்கோட்டு வேலையைத் தேற்றிக்கொள்வதற்காக 2009-இல் ஆரம்பித்த 'இங்க்டோபர்' அதற்கு ஒரு பெரிய காரணம். அது அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு மை ஓவியம் போடுகிற பயிற்சி. ஒரே மாதம், ஒரே ஊடகம். ஒரு மாதத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வதற்கென்று ஏற்பட்டதைப் பன்னிரண்டு மாதத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு மார்ச்சில் தெரிந்தது. ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதம். ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவள் எங்கே வரைவது? விட்டுப்போன நாட்கள் கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போயின. அதை அடைப்பதற்காக ஏப்ரலில் ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருக்கிற டம்ளரை, மாத்திரை அட்டையை, பையனின் ஜாமெட்ரி பாக்ஸை வரைந்து தள்ளினேன். "தூங்கும்மா, நாளைக்குப் போட்டுக்கலாம், கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்று அத்தை விளக்கை அணைக்க வருவார். அவர் மேல் கோபம் கோபமாக வரும். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்து வரையவில்லை. கை ஓடியது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது நேரக் கணக்கு. இலக்கு எழுதுவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒன்றுமே திட்டமிடாமல், உண்மையில் எந்தெந்த நேரம் உங்கள் கையில் சும்மா இருக்கிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற நேரத்தைச் சேர்க்காதீர்கள். எனக்கு அது வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் தேறியது. வருடத்துக்கு 208 மணி. மார்ச் மாதம், பையனின் பரீட்சை, தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாட்கள், யாருக்காவது காய்ச்சல் என்று கழித்தால் 140 மணிக்கு மேல் நிற்காது. கால் தாளில் நான் நிதானமாக ஒரு படம் போட, பென்சில் வேலையோடு சேர்த்து ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆக, வருடத்துக்கு முழுதாக முடித்த படங்கள் 25 முதல் 28 வரை. அவ்வளவுதான் என் கையால் ஆவது. இந்தக் கணக்கை டிசம்பரிலேயே போட்டிருந்தால் 365 என்ற எண்ணை எழுத எனக்குக் கை வந்திருக்காது. எண் சின்னதாக இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். 25 படம் பார்த்துப் பார்த்துப் போட்டால் அது நல்ல வருடம்.

அடுத்தது பொருள் வாங்குவது. இலக்கு எழுதின சூட்டோடு சூடாக வெளிநாட்டு வண்ணங்களும் தாளும் ரூ. 21,000-க்கு வாங்கினேன். ஒரு ஆன்லைன் வகுப்புக்கு ரூ. 18,000 கட்டினேன். வகுப்பில் நேரடியாகத் திருத்துவார்கள் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வந்தது பதிவு செய்த வீடியோக்களும், படத்தைப் போட்டால் கட்டைவிரல் காட்டுகிற ஒரு வாட்ஸ்அப் குழுவும். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கிடைக்கவில்லை. வகுப்புக்குக் கட்டுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: என் படத்தை யார் பார்ப்பார், மாதத்துக்கு எத்தனை முறை, எழுத்தில் குறிப்பு தருவாரா? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் வெறும் வீடியோக்களுக்குத்தான் பணம் கட்டுகிறோம்.

வண்ணம், தாள் விஷயத்தில் நம் ஊர் ஈரத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாளை மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கினேன். ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. வண்ணம் வைத்தால் அங்கங்கே திட்டுத் திட்டாக உள்ளே இழுத்துக்கொண்டது. தாளின் மேல் பூசியிருக்கிற பசை ஈரத்தில் கெட்டுப்போனால் அப்படித்தான் ஆகும், அந்தத் தாளை மீட்க முடியாது. மூன்று மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, காற்றுப் போகாமல் ஒட்டி, சுவரில் படாமல் வையுங்கள். வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடாதீர்கள். ஒரு ராத்திரி திறந்து வைத்துக் காய்ந்த பிறகு மூடினால் பூஞ்சை பிடிக்காது. நோட்டுப் புத்தகமாக வருகிற தாளைவிட, 22க்கு 30 அங்குல முழுத்தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் செலவு குறையும், சின்னப் படத்துக்கு 11க்கு 7½ அங்குலம் தாராளம்.

வண்ணங்களில் 24 வேண்டியதில்லை. இன்று என் பெட்டியில் இருப்பது ஏழு. டியூபில் பெயரைப் பார்க்காமல் பின்பக்கம் பொடியெழுத்தில் இருக்கிற நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் PR83 இருந்தால் வெளிச்சத்தில் வெளுக்கும். அதே இடத்துக்கு PV19 என்று போட்ட ரோஜா நிறம் நிற்கும். பளீரென்று கண்ணைப் பறிக்கிற ஓபரா பிங்க் சீக்கிரம் போய்விடும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எல்லா வண்ணத்தையும் பட்டையாகத் தீட்டி, பாதியை அட்டையால் மறைத்து, வெயில் படுகிற ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். சித்திரையில் ஒட்டினால் ஆடிக்குள் எது ஏமாற்றுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

இனி கண்காட்சிக் கதை. செப்டம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சென்னையில் குழுக் கண்காட்சி, உங்கள் படங்கள் தேர்வாகியிருக்கின்றன, பங்கேற்புக் கட்டணம் ரூ. 16,000. நான் விண்ணப்பமே போடவில்லை. இருந்தும் 'தேர்வு' என்ற அந்த ஒரு சொல்லுக்காக எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை நாள் தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒருவர் வாசல் திறந்துவிட்ட உணர்ச்சி. சட்டம் போட ரூ. 13,500, சென்னைக்கு வண்டி, தங்கல், சாப்பாடு என்று ரூ. 9,000. திறப்பு விழா அன்று கூடத்தில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், படம் வைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும்தான். மற்ற நாட்களில் அங்கே ஈ காக்கை இல்லை. ஒன்றும் விற்கவில்லை. படங்கள் திரும்பி வந்தபோது ஒன்றில் கண்ணாடி விரிசல். இன்னொன்றில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. பேருந்து நிலையத்தில் அந்தச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அடைந்த அவமானத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

எந்தக் கூடத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், அவர்கள் வருமானம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். படம் விற்றால் கமிஷன் எடுக்கிறவருக்கு விற்றாக வேண்டிய அவசியம் இருக்கிறது. வரைகிறவரிடம் வாங்கும் கட்டணத்திலேயே லாபம் பார்த்துவிட்டவருக்கு அந்த அவசியம் இல்லை. தேர்வு செய்தது யார், அழைப்பிதழ் யார் யாருக்குப் போகும், விற்றால் எத்தனை சதவீதம், வாங்கியவரின் விவரம் எனக்குத் தருவீர்களா, போகவர உடைந்தால் யார் பொறுப்பு, இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். போன வருடம் நடந்த கண்காட்சியில் படம் வைத்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள், அது ஒன்றே போதும். அவ்வளவு செலவு செய்யத் தயார் என்றால், நாலைந்து நண்பர்கள் சேர்ந்து சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமி போன்ற இடத்தில் கூடத்தை வாடகைக்கு எடுத்து நீங்களே நடத்தலாம். யாரை அழைப்பது என்பதாவது உங்கள் கையில் இருக்கும். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டை, கட்டாயம். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிற வாட்டர்கலர் நம் ஈரத்தில் பிழைக்காது.

வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்ராஸ் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது, சாப்பாட்டுக்கு வழி என்று அவர்கள் நம்பியது ஓவியத்தை இல்லை. பாத்திக் (துணியில் மெழுகு வைத்துச் சாயம் போடுவது), தோல் வேலை, உலோக வேலை என்று கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, மிச்ச நேரத்தில் தங்களுக்கு வேண்டிய படத்தைப் போட்டார்கள். இதை நான் படித்தபோது நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. என் சம்பளம் எனக்குப் பாத்திக். படம் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அதன் தலையில் நான் சுமை வைக்க வேண்டியதில்லை. விற்பதும், தேர்வாவதும், ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து பார்ப்பதும் அடுத்தவர் கையில் இருக்கிற காரியங்கள். அவற்றை இலக்கு நோட்டில் எழுதாதீர்கள். 'இந்த வருடம் இரண்டு இடத்துக்கு விண்ணப்பிப்பேன்' என்று எழுதலாம், அது நம் கையில் இருக்கிறது.

கண்காட்சி முடிந்து வந்த பிறகு இரண்டு மாதம் நான் வரையவில்லை. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அத்தை, "இந்தப் பேப்பரையெல்லாம் என்ன செய்யணும், சொல்லிடும்மா" என்றார். எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினேன். மறுபடி வரையத் தோன்றுவது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம், எப்போது வரைந்தேன் என்றே நினைவில்லாதது ஒரு பக்கம் என்று பிரித்தேன். நினைவில்லாத பக்கம்தான் உயரமாக வளர்ந்தது. மறுபடி வரையத் தோன்றிய பக்கத்தில் இருந்தவை கொஞ்சம். ஆனால் அதில் பாதிக்கு மேல் பாத்திரங்கள். எங்கள் ஊர்ப் பாத்திரக் கடைத் தெருவில் வாசலில் அடுக்கியிருக்கிற பித்தளைக் குடம், சமையலறையில் இருக்கிற பழைய வெண்கல உருளி, அத்தையின் சொம்பு. நான் திட்டமே போடாமல் திரும்பத் திரும்ப அங்கேதான் போயிருக்கிறேன். உங்களிடம் ஒரு வருட வேலை இருந்தால், புது இலக்கு எழுதுவதற்கு முன்னால் தரையில் பரப்பிப் பாருங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத விஷயம் அதில் கிடக்கிறது.

அதனால் அடுத்த வருட இலக்கு ஒரே வரியாகச் சுருங்கியது: பித்தளையும் வெண்கலமும் மட்டும். ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி, 1969-இல், காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர், நூறு படம். கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு முன்னால் உட்கார்ந்து, நேரில் பார்த்தே வரைந்த சில்பியின் படங்கள் விகடனில் தொடராக வந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் உயரத்துக்கு நான் எங்கே போக? ஆனால் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் அது எவ்வளவு காட்டும் என்பதை அந்த வருடம் நானும் அனுபவித்தேன். பித்தளைக் குடம் என்றால் மஞ்சள் என்று நினைத்துத்தான் கையை வைப்போம். உட்கார்ந்து பார்த்தால் மஞ்சள் கால்வாசிகூட இல்லை. கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்டக் கறுப்பு. வயிற்றில் எதிர்க்கடையின் நீலத் தார்ப்பாய் வளைந்து தெரிகிறது. அடியில் தரையின் வெளிச்சம் செம்மையாக ஏறுகிறது. ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடம் வெறும் வெள்ளைத் தாள், அங்கே தூரிகையே படக் கூடாது. அந்த வெள்ளைக்குப் பக்கத்திலேயே, நடுவில் எதையும் கலக்காமல், பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரினைக் கலந்த அடர்த்தியான கறுப்பை வைத்தால் தாளில் சட்டென்று உலோகம் தெரிகிறது. முதல்முறை அது நடந்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பையன் ஓடிவந்து பார்த்தான். முந்தைய வருடம் முழுக்க ஒருமுறைகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை.

ஒரே பொருள் என்று முடிவானதும் வருடத்தைப் பிரிப்பது சுலபம். நான் ஜனவரி ஒன்றை விட்டுவிட்டுத் தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தை, மாசியில் பென்சில் மட்டும், வெளிச்சமும் இருட்டும் எங்கே பிரிகின்றன என்ற ஒரே கேள்வி. மார்ச்சில் இலக்கே கிடையாது, கைப்பையில் ஒரு குட்டி நோட்டு இருக்கும், வரைந்தால் வரைந்தது. சித்திரை, வைகாசியில் காலை எட்டுக்குள் வெளியே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தூரிகையிலேயே வண்ணம் காய்ந்துவிடும், ஈரத்தின் மேல் ஈரம் வைக்கிற வேலை நடக்காது, பேனாக் கோட்டுக்குத்தான் அந்த மாதங்கள் சரி. ஆற்றை வரைகிறவர்கள் கவனிக்க: மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, தண்ணீர் எங்கள் படித்துறைக்கு வந்துசேர அதற்கும் மேல் ஆகும், அதுவரை மணலைத்தான் வரையலாம். ஆடிக்காற்றில் தாளுக்கு நாலு பக்கமும் கிளிப் வேண்டும். ஆனி முதல் புரட்டாசி வரைதான் எனக்கு முக்கியமான வேலைக்காலம், முடித்த படங்களில் பெரும்பகுதி அப்போதுதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பூச்சு காய அரைமணி நேரம் ஆகிறது, அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய படங்களைப் பார்ப்பது, எந்த வண்ணத்தோடு எது சேர்ந்தால் என்ன வரும் என்று கலவை அட்டை போடுவது. மார்கழியில் கணக்குப் பார்ப்பது. உங்கள் ஊர், உங்கள் வேலை, உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு ஏற்ப இது மாறும். மாற்றித்தான் எழுத வேண்டும்.

கணக்குப் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலில் தேதி, எடுத்த நேரம், பயன்படுத்திய வண்ணம், எதைப் பார்க்கத் தவறினேன் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த மூன்று மாதத்துக்கு அதுதான் பாடம். எனக்கு வந்தது குடத்தின் வாய். நீள்வட்டம் இரண்டு ஓரத்திலும் கூராக முடிந்துகொண்டே இருந்தது. வேறு எதுவும் செய்யாமல் நீள்வட்டங்களாகப் போட்டுத்தான் அது சரியானது. வரைந்ததைக் காட்ட ஒரே ஒரு ஆள் வேண்டும், முகத்துக்கு நேரே சொல்கிறவராக. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறார், மாதம் ஒருமுறை போவேன். "ஏம்மா, இந்த நெழல் எங்கேருந்து வருது, வெளக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்பார். ஒரு காசு வாங்குவதில்லை. ரூ. 18,000 கட்டியும் கிடைக்காதது அந்தத் திண்ணையில் கிடைக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார், பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

இரண்டாம் வருடம் எனக்குப் பொருட்செலவு ரூ. 6,000-க்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் தாள், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வருகிற தையிலிருந்து, நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து வரைய அனுமதி வாங்கியிருக்கிறேன். காவிரி வண்டலில் அச்சுப் பிடித்து, அடி, தண்டு, தட்டு என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, பிறகு மரை வைத்து இணைக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு விளக்கின் தண்டு மட்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன். பட்டறைக்காரர் இரண்டு நிபந்தனை போட்டார்: உருக்கி ஊற்றுகிற நேரத்தில் உள்ளே வரக் கூடாது, வரைகிற படத்தில் ஒன்றை அவருக்குத் தந்துவிட வேண்டும். இரண்டுக்கும் சரி என்றேன்.